ஃபெமினாவின் கடைவாய்ப் பல்லும் கரூர் மருந்துக்கடைக்காரர்களும்

கொடைக்கானல் அப்சர்வேட்டரி சாலையில் ஒரு வளைவுக்கு உள்ளே தள்ளி இருபது அறைகள் கொண்ட லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அங்கே வந்து தங்கியவர்களுக்கு அறை மறந்துபோயிருக்கும். ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் குரல் மறந்திருக்காது. ஃபெமினா பேச ஆரம்பித்தால் மேல்மாடியில் போர்வை மடிக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கேட்காமல் இருக்கவும் முடியாது, அவ்வளவு சத்தம்.

ஒருமுறை திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் சாவியை மேசைமேல் போட்டு, "ஜன்னலைத் திறந்தா ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளையா இருக்கு" என்று சண்டைக்கு வந்தார். ஃபெமினா எழுந்து நின்றாள்.

"சார், மத்த லாட்ஜ்ல ஏரி தெரியும். இன்னைக்கும் அதே ஏரி, நாளைக்கும் அதே ஏரி. நம்ம ஜன்னல்ல மேகம் சார். பத்து நிமிசத்துக்கு ஒருக்க மாறும். ஒரு டீயச் சொல்லிட்டு உக்காந்து பாருங்க."

அவர் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது அடுத்த வருடத்துக்கும் அதே அறையைச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பிறந்தது வில்பட்டியில். அப்பா கேரட்டும் பூண்டும் பயிர் போடுகிறவர். காட்டின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருக்கிற அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் தன் குரல் இப்படி ஆனது என்று அவளே சொல்வாள். பி.காம். முடித்த கையோடு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தாள். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற டேனி ஒருநாள் லாட்ஜ் வாசலை அடைத்து வண்டியை நிறுத்த, அரை மணி நேரம் திட்டினாள். மறுநாளும் அவன் அங்கேயே நிறுத்தினான். மூன்றாம் நாளும் நிறுத்தினான். நான்காம் நாள் ஜீப்பைக் காணவில்லை; இவள் ரோடுவரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வருடம் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்துக் கல்யாணம் முடிந்தது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஷெரில் பிறந்தாள். மே மாத சீசன் முழுக்க ஃபெமினா வீட்டில் இருந்தாள். மேனேஜர் சுவாமிநாதன் போன் மேல் போன் போட்டு, "நீ இல்லாத சீசனு ஒரு சீசனாம்மா? பிள்ளையத் தூக்கிட்டே வா. துணி ரூம்ல தொட்டில் கட்டிக்கலாம்" என்றார். ஜூன் நடுவில் அவள் திரும்பி வந்தாள். துவைத்து அடுக்கிய போர்வைகளுக்கு நடுவில் ஷெரிலின் தொட்டில் ஆடியது.

வீட்டில் இன்னொருவர் உண்டு, டேனியின் அக்கா புஷ்பமேரி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு பள்ளி விடுதியில் காலை, மதியம் இரண்டு வேளைச் சமையல் அவர் பொறுப்பு. முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை என்பதால், ஒரு பிள்ளையை வளர்ப்பது எல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. ஷெரில் பிறந்த அன்றே அவர் ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு ஃபெமி, நீ எதை முழுங்குனாலும் அது பாலாத்தான் எறங்கும். பாத்துத் தின்னு."

அன்றிலிருந்து பலாப்பழம் போயிற்று. மாம்பழம் போயிற்று. உருளைக்கிழங்கு, கடலைமாவு, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் போயின. ஷெரில் முக்கினால் முந்தின நாள் ஃபெமினா என்ன தின்றாள் என்று விசாரணை நடக்கும். ஒருமுறை டேனி மட்டும் பஜ்ஜி தின்றுவிட்டு வந்த அன்று பிள்ளைக்கு வயிறு பொருமியது. அப்போதும் விசாரணை ஃபெமினாவுக்குத்தான்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே தாங்கினாள். பல் வலிதான் தாங்க முடியவில்லை.

ஜூன் இருபது வாக்கில் ஆரம்பித்தது. இடது பக்கம், கீழ்வரிசை, கடைசியில் முளைக்க இடமில்லாமல் சாய்ந்து கிடந்த ஞானப்பல். முதல்நாள் சோறு மெல்லும்போது மட்டும் சுருக்கென்றது. மூன்றாம் நாள் மெல்லாமலே வலித்தது. ஐந்தாம் நாள் காதுவரைக்கும் இழுத்தது. கன்னம் உப்பி, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு யாரோ போலத் தெரிந்தாள்.

"ஒரு மாத்திரையப் போடு ஃபெமி" என்றான் டேனி. அலமாரியைத் துழாவி ஒரு அட்டையைக் கொண்டுவந்தான். போன வருடம் பேரிஜம் பக்கம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து அவன் கால் முறிந்தது. அப்போது கொடுத்த வலி மாத்திரையில் ஆறு மிச்சம் இருந்தது. "இது நல்ல மாத்திரை. காலு ஒடிஞ்ச வலியவே காணாமப் போக்குச்சு. பல்லு எம்மாத்திரம்?"

"ஏலே, அறிவு கெட்டவனே! அவ போட்டா பிள்ளையில்ல மயங்கிக் கெடக்கும்?" என்று புஷ்பமேரி அந்த அட்டையைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஃபெமினா எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாங்க. வலிச்சிட்டுப் போகட்டும். எனக்குத்தான வலிக்கிது, பிள்ளைக்கா வலிக்கிது?" என்றாள். அதைச் சொல்லும்போதே வலியில் கண்ணீர் வந்தது.

பல் டாக்டரிடம் போகவும் பயம். வலிக்காமல் இருக்க ஊசி போடுவார்கள், ஊசி போட்டால் இரண்டு நாள் பால் கொடுக்கக் கூடாது என்று லாட்ஜில் துணி மடிக்கிற பாப்பம்மாள் சொல்லியிருந்தாள். பாப்பம்மாளுக்கு அவள் கொழுந்தியாள் சொன்னது. கொழுந்தியாளுக்கு யார் சொன்னதென்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று டேனி ஒரு புட்டிப்பால் கலந்து ஷெரிலுக்குக் கொடுத்துப் பார்த்தான். அவள் ஒரு வாய் உறிஞ்சினாள், யோசித்தாள், பிறகு அவ்வளவையும் அவன் சட்டையில் துப்பிவிட்டு அம்மாவைத் தேடி ஒரு கத்துக் கத்தினாள். குரல் யாரிடமிருந்து வந்தது என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

ஆகவே கைவைத்தியம். கிராம்பை வாயில் அடக்கினாள். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தாள். புஷ்பமேரி தைல மர எண்ணெயைச் சூடு பறக்கக் கன்னத்தில் தேய்த்துவிட்டார். கொடைக்கானல் வீடுகளில் அந்த எண்ணெய் இல்லாத அலமாரி கிடையாது. சளிக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். தேய்த்த கன்னத்தோடு ஃபெமினா பாலூட்ட உட்கார்ந்தால் ஷெரில் மூக்கைச் சுருக்குவாள், அடுக்கடுக்காகத் தும்முவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள்.

"பாத்தியா, வலியே பாலுல எறங்குது" என்றார் புஷ்பமேரி.

சோறு மெல்ல முடியாமல் கஞ்சியும் காப்பியுமாக ஃபெமினா ஓட்டினாள். அதில் பாலும் குறைந்தது போலிருந்தது. பிள்ளை மணிக்கொரு தரம் அழுதாள். வலியில்லாத பக்கமாகப் படுத்துக்கொண்டு ஃபெமினா அவளைத் தட்டிக் கொடுப்பாள். பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஆறாம் நாள் அவள் பேசாத ஆளாகவே ஆகிவிட்டாள். லாட்ஜ் மேனேஜருக்கு முதலில் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது.

பயந்தது வீண் போகவில்லை. ஏனென்றால் அந்த வாரம் நடுவில் ஒரு போன் வந்தது.

கரூரிலிருந்து பேசியவர் பெயர் குழந்தைவேல். சனி, ஞாயிறு இரண்டு நாள் தங்க வேண்டும், சாப்பாடும் வேண்டும் என்றார். மழைச்சாரல் நேரம், போனில் பாதி கேட்டது, பாதி கரகரத்தது.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள் ஃபெமினா. வாயில் கிராம்பு இருந்ததால் அது "எத்தவ பேய்?" என்று போயிற்று.

"நா... பேருங்க" என்றது போன்.

நடுவில் ஒரு எழுத்தோ இரண்டு எழுத்தோ சாரலில் கரைந்துவிட்டது. "நாலு பேரா?" என்று சரிபார்த்தாள். உப்பிய கன்னத்துக்குள் 'லு' எங்கோ மாட்டிக்கொள்ள, "நாஉ பேஆ?" என்று வந்தது.

"ஆமாங்க, அதேதானுங்க. ரூம நீங்களே பாத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஃபெமினா நோட்டில் எழுதினாள்: கரூர், நான்கு பேர், இரண்டு அறை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பெரிய பேருந்து வளைவில் திரும்பி, லாட்ஜ் வாசலில் மூச்சிரைத்து நின்றது. முகப்பில் கட்டியிருந்த பேனரில் 'கரூர் வட்டார மருந்து வணிகர் நலச் சங்கம், இன்பச் சுற்றுலா' என்று எழுதியிருந்தது. கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள். நான்கு பேர் இறங்கினார்கள். ஐந்தாவது ஆளும் இறங்கினார். அப்புறம் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

சுவாமிநாதன் ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்து, இருபத்து மூன்றில் நிறுத்திவிட்டு ஃபெமினாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு பேருன்னு எழுதியிருக்க?"

ஃபெமினா நோட்டைப் பார்த்தாள். பேருந்தைப் பார்த்தாள். வாயிலிருந்த கிராம்பை எடுத்தாள்.

சீசன் முடிந்த நேரம் என்பதால் அறைகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் போர்வைகள் பாதி சலவைக்குப் போயிருந்தன. சமையல்காரர் மணியன் தங்கை மகள் காதுகுத்துக்காகப் பாச்சலூர் போயிருந்தார். அடுப்பில் நான்கு பேருக்கு வைத்த சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மிணி, நீங்கதானுங்களே போன்ல பேசுனது? நாப்பது பேரான்னு கேட்டீங்க, ஆமான்னேன்" என்று முன்னால் வந்தார் குழந்தைவேல். சங்கத்தின் செயலாளர், வெள்ளை வேட்டி, கையில் பெயர்ப்பட்டியல்.

ஃபெமினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்பது நாள் வலியும் அந்த நிமிடத்தின் அவமானமும் சேர்ந்துகொள்ள, இத்தனை வருடம் எவரிடமும் தோற்காத அந்தப் பெண், நாற்பது பேருக்கு நடுவில் ஓவென்று அழுதுவிட்டாள். துணி அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஷெரில் அதைக் கேட்டுத் தானும் சேர்ந்து அழுதாள்.

நல்லவேளை, பிள்ளையைத் தூக்கிப்போக அப்போதுதான் புஷ்பமேரி வந்து சேர்ந்தார். பேருந்தையும் பேனரையும் ஒரு பார்வை பார்த்தார். "நாப்பது பேருதான? இதுக்கா அழுகுற? நான் காலைல முந்நூறு பேருக்கு உப்புமா கிண்டிட்டு வந்துருக்கேன். ரவை எங்க கெடக்கு?" என்று சேலையைச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனார். போகிற போக்கில் டேனிக்குப் போன் போட்டு, "ஏலே, வெரசா வா, பக்கத்து லாட்ஜ்ல போர்வை வாங்கிட்டு வா" என்றார். சுவாமிநாதன் சாவிக்கொத்தோடு மாடிக்கு ஓடினார்.

வந்தவர்களுக்கு ரிசப்ஷன் ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்த நாற்பது பேருக்கும் முன்னால், ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு ஒரு பெண் பிள்ளையைத் தோளில் போட்டுத் தேம்பிக்கொண்டிருந்தாள். நாற்பது மருந்துக்கடைக்காரர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கொடைக்கானலில் கிடையாது.

"பல்லுங்களா அம்மிணி?"

அவள் தலையாட்டினாள்.

"ஆஸ்பிரின் ரெண்டு போடுங்க, கப்புனு நிக்கும்."

"அதெல்லாம் இப்ப யாருப்பா குடுக்கறா? ஒரு ஊசி போட்டாப் போதும்."

"நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்லுங்க."

ஃபெமினா கையை ஆட்டி, தோளில் இருந்த ஷெரிலைக் காட்டினாள். "பாஉ குஉக்குறேன்" என்றாள்.

அவ்வளவுதான், சங்கம் இரண்டாகப் பிரிந்தது. எதுவும் போடக் கூடாது என்று ஒரு பக்கம். எதை வேண்டுமானாலும் போடலாம், பாலை இரண்டு நாள் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்று இன்னொரு பக்கம். குழந்தைவேல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

"பாப்பாவுக்கு எத்தனை மாசமுங்க்கா?"

கேட்டவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பெயர் ஸ்வேதா. அவள் கணவன் கந்தவேலுக்குக் கரூரில் மருந்துக்கடை. சங்கத்தில் உறுப்பினர் அவன். கடைச்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற பி.ஃபார்ம். பட்டம் அவளுடையது. கூட்டங்களில் பேசுகிறவன் அவன், கடையில் காலை ஒன்பதிலிருந்து நின்று மருந்துச் சீட்டு வாசிக்கிறவள் அவள். இதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஃபெமினா நான்கு விரல்களைக் காட்டினாள்.

ஸ்வேதா எழுந்து பக்கத்தில் வந்தாள். கேள்விகள் வரிசையாக வந்தன. பாப்பா மாசம் நிறைந்து பிறந்தாளா? எடை ஏறுகிறதா? உங்களுக்கு அல்சர், மூச்சிரைப்பு, கல்லீரல் தொந்தரவு ஏதாவது உண்டா? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? வாயைத் திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? ஃபெமினா தலையசைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஹாலில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமே போடலம்மா, ஒம்போது நாளா" என்று சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற புஷ்பமேரி சொன்னார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எந்தம்பி ஒரு மாத்திரை குடுத்தான். நான் பிடுங்கி வச்சிட்டேன்." கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

ஸ்வேதா பின்பக்கம் திருப்பிப் படித்தாள். முகம் மாறியது. "டிரமடால். நல்ல வேளை பிடுங்கினீங்க. இது பால் குடுக்கிற அம்மாவுக்கு ஆகாது. பாப்பாவுக்கு அசதி வரும், மூச்சு மந்தமாகலாம். அதோட, ஒருத்தருக்கு எழுதுனத இன்னொருத்தர் போடவே கூடாதுங்க."

புஷ்பமேரி கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சொன்னேன்ல?"

"ஆனா அதுக்காக எல்லாத்தையும் தள்ளி வைக்க வேண்டியதில்லைங்க்கா" என்றாள் ஸ்வேதா. பிறகு ஃபெமினாவிடம் திரும்பினாள். "பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்ட அன்னிக்குக் காய்ச்சல் வந்துச்சுங்களா?"

வந்தது என்று தலையாட்டினாள்.

"என்ன குடுத்தீங்க?"

ஃபெமினா பிள்ளைச் சாமான் பையைத் துழாவி, நர்ஸ் கொடுத்த சொட்டு மருந்துக் குப்பியை எடுத்தாள். ஸ்வேதா வாங்கி, பெயர் எழுதியிருந்த பக்கத்தை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "வாசிங்க."

"பா...ரா...சிட்ட...மால்" என்று ஃபெமினா எழுத்துக் கூட்டினாள்.

ஸ்வேதா தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "இதையும் வாசிங்க."

அதே பெயர்.

"பாப்பாவுக்கு நேராவே வாயில விட்டீங்க. நீங்க ஒரு மாத்திரை போட்டா பாலுல போறது அதவிட ரொம்ப ரொம்பக் கம்மி. இதுக்காகத்தான் ஒம்போது நாள் அழுதீங்களா?"

ஹாலில் ஒரு ஓரத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். ஃபெமினாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் வலித்தது.

"அந்த ஆஸ்பிரின் வேண்டாமுங்க" என்று ஸ்வேதா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆஸ்பிரின் சொன்னவர் சட்டைப் பையைச் சரிசெய்துகொண்டார். "பாலைப் பீய்ச்சிக் கொட்டவும் வேண்டாம். இது ஐநூறு மில்லிகிராம். சாப்பிட்டுட்டு ஒண்ணு. திரும்ப வேணும்னா ஆறு மணி நேரம் கழிச்சு. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல போகக் கூடாது. ஆனா அக்கா, இது வலிய அமுக்கும், பல்லைச் சரி பண்ணாது. இந்த வீக்கத்தோட இனி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. திங்கக்கிழமை வரைக்கும் வேண்டாம், நாளைக்கே டாக்டரப் பாருங்க. ராத்திரி காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி."

அப்புறம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "இது என்ன வாசம்?"

"தைலம்" என்றார் புஷ்பமேரி. "நயம் சரக்கு. கன்னத்துல தேச்சு விடுறேன்."

"பாப்பா தும்முறாளா?"

பதிலுக்கு ஷெரிலே தும்மினாள்.

"பச்சைப் பிள்ளை மூக்குக்கிட்ட இது ஆகவே ஆகாதுங்க. மூச்சு முட்டும். மாத்திரைக்குப் பயந்து இதப் போய் தேய்ச்சீங்களே. மொதல்ல முகத்தச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

புஷ்பமேரிக்கு அது பிடிக்கவில்லை. நாலு தலைமுறையாகத் தேய்க்கிற எண்ணெய் என்று ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் இரண்டு நிமிடத்தில் ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் வந்து சேர்ந்தன.

ஃபெமினா முகம் கழுவினாள். புஷ்பமேரி கிண்டிய உப்புமாவை வலது பக்கமாக மென்று விழுங்கினாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். போட்டுத் தண்ணீர் குடித்தாள். யாரோ கை தட்டினார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து, காதுவரை இழுத்துக்கொண்டிருந்த வலி கன்னத்தோடு நின்றது. அப்புறம் பல்லோடு நின்றது. அவள் தொட்டில் அறைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தைல வாசம் இல்லாத கன்னத்தை ஷெரில் ஒரு கையால் தடவிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் வயிறு நிறையக் குடித்தாள். ஃபெமினா அவள் மூச்சை எண்ணினாள். பாதத்தைச் சுண்டிப் பார்த்தாள். பிள்ளை எப்போதும் போலக் கோபப்பட்டு உதைத்தாள். நிம்மதியாக இருந்தது.

மாலை ஆறரைக்கு மாடிப்படியில் தகராறு. ஒரே சமயத்தில் எல்லோரும் வெந்நீர்க் குழாயைத் திறந்ததில் யாருக்கும் வெந்நீர் வரவில்லை. சுவாமிநாதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது கீழேயிருந்து ஒரு குரல் எழும்பியது.

"சார் எல்லாரும் குழாய மூடுங்க! மொதல் மாடி ஏழு மணி வரைக்கும், ரெண்டாவது மாடி ஏழரை வரைக்கும்! நூத்தி நாலு சார், நான் உங்களத்தான் சொல்றேன், மூடுங்க!"

லாட்ஜ் முழுக்கக் குழாய்கள் மூடப்படும் சத்தம் கேட்டது. கரூர்க்காரர்களுக்கு அதுதான் அவளுடைய உண்மையான குரல் என்று அப்போதுதான் தெரிந்தது. "மாத்திரை வேலை செய்யுதுங்" என்றார் குழந்தைவேல். அன்றிரவுச் சாப்பாட்டின்போது பலரும் ஸ்வேதாவிடம் வந்து தங்கள் மூட்டுவலி, நெஞ்செரிச்சல் எல்லாம் சொன்னார்கள். கந்தவேல் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரிதானுங்க" என்று மூன்று பேரிடம் சொன்னான்.

மறுநாள் காலை ஃபெமினாவிடம் ஸ்வேதா லாட்ஜ் காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: 'நான் பாலூட்டுகிறேன். குழந்தைக்கு நான்கு மாதம்.' "எந்த டாக்டரு, எந்தக் கடை போனாலும் மொதல்ல இதக் காட்டுங்க. அப்புறம்தான் வாயத் திறக்கணும்."

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு பல் மருத்துவரிடம் டேனி ஜீப்பில் அழைத்துப் போனான். புஷ்பமேரி பூசைக்கு மட்டம் போட்டுவிட்டு, பிள்ளையோடு கூடவே வந்தார். டாக்டர் காகிதத்தை வாசித்தார். "சரி, ரொம்ப நல்லது. பாப்பாவுக்கு இப்பவே பால் குடுத்துட்டு வந்து உக்காருங்க. பிடுங்கி முடிச்சதும் எப்ப பசிச்சாலும் குடுக்கலாம்."

"ஊசி போட்டப்புறமுமா?" என்று புஷ்பமேரி இடையில் புகுந்தார்.

"மரத்துப்போறது அவங்க வாய்தாங்க. பாப்பா வாயில்ல."

பல் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. சாய்ந்து முளைத்த பல், அடியில் சீழ். இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் கழுத்துவரை போயிருக்கும் என்று டாக்டர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். சாப்பிட்ட பிறகு போட ஐபுப்ரோஃபெனும், சீழுக்கு ஒரு மருந்தும் எழுதினார். இரண்டும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்றதுதான் என்று சீட்டிலேயே குறித்துக் கொடுத்தார். வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்ததும் ஷெரில் பசித்து அழுதாள். உதடு ஒரு பக்கம் தொங்க, பஞ்சைக் கடித்துக்கொண்டு ஃபெமினா சால்வைக்குள் பால் கொடுத்தாள். டேனி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடி வாங்கினான்.

வீடு திரும்பியதும் புஷ்பமேரி மிச்சமிருந்த அந்த ஆறு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், இதை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தார். தைலக் குப்பி பரண்மேல் ஏறியது. அடுத்த வாரம் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது.

ஜூலை கடைசியில் பக்கத்துச் சந்தில் சௌம்யா என்கிற பெண் ஆபரேஷனில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். பார்க்கப் போன ஃபெமினாவுக்கு அவள் எழுந்து உட்காரப் பட்ட பாடு தெரிந்தது. தலையணையைச் சரிசெய்யும்போது அடியிலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர் சரிந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இது என்னடி?"

"பாலுல எறங்கிருமாம்க்கா. அதான் முழுங்குற மாதிரி காட்டி ஒளிச்சு வச்சிட்டேன்."

ஃபெமினா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு மணி நேரத்துக்கான பேச்சு இருந்தது. ஆனால் சொல்லவில்லை. கவரை எடுத்துக்கொண்டு, அன்று வீடு வீடாகப் பார்க்க வந்திருந்த சுகாதார நர்ஸை நடுத்தெருவில் பிடித்தாள். அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சது பல்லு மட்டுந்தான். இது வயித்துத் தையலு. நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

நர்ஸ் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்தார். சீட்டோடு ஒப்பிட்டார். "நீ பால் குடுக்குறேன்னு தெரிஞ்சுதாம்மா எழுதியிருக்காங்க. வலியோட குனிஞ்சு எப்பிடிப் பிள்ளையப் பிடிப்ப? சாப்புட்டியா? அப்பப் போடு. பிள்ளை வழக்கத்த விட ரொம்பத் தூங்குனாலோ, பால் குடிக்காட்டியோ எனக்குப் போன் பண்ணு."

சௌம்யா தயங்கி விழுங்கினாள். ஃபெமினா அவளுக்குத் துணையாக உட்கார்ந்து நாற்பது மருந்துக்கடைக்காரர்கள் வந்த கதையை ஆரம்பித்தாள். பேருந்திலிருந்து அவர்கள் இறங்கிக்கொண்டே இருந்த இடம் வருவதற்குள் சௌம்யா தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நிறுத்துங்கக்கா, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது. மாத்திரை வேலை செய்யட்டும், அப்புறம் சொல்லுங்க."

ஃபெமினா பொறுமையாக முக்கால் மணி நேரம் காத்திருந்து, மீதிக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.